“என்ன படித்திருக்கிறார்?” – தொழிலாளர் கணக்கெடுப்பின் கடினமான கேள்வி

கணக்கெடுப்பாளர் ஒரு வீட்டுக்கு வருகிறார். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது தம்பி மட்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் வயது, வேலை, போன வாரம் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவர், அடுத்து என்னென்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

“அக்கா பி.எஸ்சி.” என்கிறான் தம்பி. அக்கா மூன்று வருடம் கல்லூரிக்குப் போனது உண்மைதான். கடைசி வருடத்தில் ஒரு தாளில் தேறவில்லை, அதை மறுபடி எழுதவும் இல்லை. அது அவனுக்கு ஞாபகம் இல்லை. “மாமா இன்ஜினியர்.” அவர் வேறொரு நாட்டில் படித்தவர். அது நான்கு வருடப் பட்டமா, இரண்டு வருட டிப்ளமோவா என்று இவன் கேட்டுக்கொண்டதில்லை. “அம்மா மூணாவது வரைக்கும். அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை.” அப்பா முப்பது வருடமாக எலெக்ட்ரிஷியன். சின்ன வயதில் தன் அப்பாவின் பின்னாலேயே போய்க் கற்றுக்கொண்ட தொழில் அது.

நான்கு பேரின் படிப்பையும் எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்படிப் பல்லாயிரம் வீடுகளில் இரண்டிரண்டு நிமிடமாகச் சேர்ந்த பதில்கள்தான் “பட்டதாரிகளிடையே வேலையின்மை இத்தனை சதவீதம்” என்று செய்தியாகின்றன. அந்தச் சதவீதத்தைப் பற்றி நிறையப் பேர் வாதாடுகிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் ‘பட்டதாரி’ என்ற சொல்லை எப்படித் தீர்மானித்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டிய கேள்வி என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்பது, நாட்டில் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் வேலை தேடுகிறார்கள், யார் இரண்டிலும் இல்லை என்பதை மாதிரி வீடுகளில் கேட்டு மொத்த நாட்டுக்கும் மதிப்பிடும் முறை. இந்தியாவில் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, அமெரிக்காவில் மாதாமாதம் நடக்கும் நடப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பு எல்லாமே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேலையைப் பற்றிய கணக்கெடுப்பில் படிப்பை ஏன் கேட்க வேண்டும்? யாருக்கு வேலை கிடைக்கிறது, எவ்வளவு சம்பளம் கிடைக்கிறது, படித்த படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்ற கேள்விகள் எதற்கும் படிப்பு தெரியாமல் பதில் சொல்ல முடியாது. வயது, பாலினம் இரண்டுக்கும் அடுத்து இந்த அட்டவணைகளில் அதிகம் புழங்கும் பிரிவு கல்வித் தகுதிதான்.

வயதையோ பாலினத்தையோ போல இதை நேராகக் கேட்டு எழுதிவிட முடியாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

‘படித்தார்’ என்பதும் ‘முடித்தார்’ என்பதும் பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. கணக்கெடுப்பில் அவை இரண்டும் வேறு வேறு. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தன் களப்பணியாளர்களுக்குக் கொடுக்கும் விதி இதில் மிகத் தெளிவானது: பி.ஏ. முதல் வருடம் வரை படித்தவரும், பி.ஏ. இறுதித் தேர்வில் தேறாதவரும் ‘மேல்நிலைப் பள்ளி’ என்ற குறியீட்டில்தான் சேர வேண்டும். வெற்றிகரமாக முடித்த நிலை எதுவோ அதுதான் கணக்கு. அந்த விதிப்படி பார்த்தால் நம் அக்கா பட்டதாரி இல்லை. மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கை முழுவதும் அட்டவணையிலிருந்து மறைந்துவிடும்.

இது அநியாயம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் இதற்கு மாற்றாகப் படித்த வருடங்களை எண்ணினால் வேறு குழப்பம் வரும். அமெரிக்கா அந்த வழியில் வெகுகாலம் போய்ப் பார்த்த நாடு. அங்கே 1991 வரை, ‘பள்ளி, கல்லூரியில் எந்த ஆண்டு வரை போனீர்கள்? அந்த ஆண்டை முடித்தீர்களா?’ என்றுதான் கேட்டார்கள். கல்லூரியில் நான்கு ஆண்டு முடித்தவர் என்றால் பட்டதாரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நான்கு ஆண்டு படித்தும் பட்டம் வாங்காதவர்கள் இருந்தார்கள். அதே பட்டத்தை ஐந்தாறு வருடம் எடுத்துக்கொண்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுப் பட்டம் வாங்கியவரையும், இரண்டு ஆண்டு படித்து விட்டுவிட்டவரையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. 1992 ஜனவரியில் கேள்வியை மாற்றினார்கள். முடித்த உயர்ந்த பள்ளி நிலை அல்லது வாங்கிய உயர்ந்த பட்டம் எது என்று கேட்கத் தொடங்கினார்கள். கூடவே ‘கல்லூரியில் கொஞ்சம் படித்தவர், பட்டம் இல்லை’ என்று தனிக் கட்டம் ஒன்றையும் வைத்தார்கள். நம் அக்காவைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு இடம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். முடிக்காத படிப்பும் வேலைச் சந்தையில் ஏதோ ஒரு விதத்தில் எண்ணப்படுகிறது, அதைக் கணக்கும் பார்க்கட்டும்.

இந்தியக் கணக்கெடுப்பு இதை இன்னொரு விதமாகச் சமாளிக்கிறது. படிவத்தில் கல்வி நிலைக்கு ஒரு பத்தி, முறையான கல்வியில் கழித்த வருடங்களுக்குத் தனியாக இன்னொரு பத்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நிலை ‘மேல்நிலை’ என்றும் வருடம் அதைவிடக் கூடுதலாகவும் இருப்பவர் தென்படுவார். அப்படித் தேடிப் பார்க்கிறவர்களுக்குத்தான் தென்படுவார்.

சரி, முடித்ததைத்தான் எண்ணுவது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பல படிப்புகளை முடித்திருந்தால்? பெரும்பாலான கணக்கெடுப்புகள் அவற்றில் உயர்ந்தது எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உயர்ந்தது எது என்று சொல்ல ஒரு ஏணி வேண்டும். உலகம் முழுவதற்கும் பொதுவாக அப்படி ஒரு ஏணியை யுனெஸ்கோ வைத்திருக்கிறது. கல்விக்கான சர்வதேசத் தர வகைப்பாடு என்பது அதன் பெயர். புழக்கத்தில் சுருக்கமாக இஸ்கெட் என்பார்கள். 1970களில் உருவாகி, 1997இல் ஒரு முறை திருத்தப்பட்டு, 2011 நவம்பரில் இப்போதைய வடிவத்தை அடைந்தது. அதில் 0 முதல் 8 வரை ஒன்பது படிகள். தொடக்கக் கல்வியை முடிக்காதவர் 0, தொடக்கக் கல்வி 1, கீழ்நிலை இடைநிலை 2, மேல்நிலை இடைநிலை 3, அதற்குப் பிறகு ஆனால் உயர்கல்விக்கு முன்னால் உள்ள படிப்புகள் 4, குறுகிய கால உயர்கல்வி 5, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் பட்டம் 8. அட்டவணை போடும்போது பெரும்பாலும் 0 முதல் 2 வரை தாழ்நிலை, 3, 4 இரண்டும் இடைநிலை, 5 முதல் 8 வரை உயர்நிலை என்று மூன்றாகச் சுருக்கிவிடுவார்கள்.

ஏணி என்றதும் எல்லாப் படிப்பும் ஒரே திசையில் மேலே போவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் படிப்புகள் பக்கவாட்டிலும் கிளைவிடுகின்றன. முதுகலைப் பட்டம் வாங்கிய பிறகு ஒருவர் ஒரு வருடம் வெல்டிங் சான்றிதழ் படித்து அந்த வேலைக்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த தகுதி முதுகலைதான், எனவே அவர் 7ஆம் படியில் நிற்பார். அவருக்குச் சோறு போடும் சான்றிதழ் கணக்கிலேயே வராது. இதைக் கொஞ்சமாவது சரிசெய்ய, எந்தத் துறையில் படித்தார் என்றும் சில கணக்கெடுப்புகள் கேட்கின்றன. அதற்கும் 2013ஆம் ஆண்டின் தனி வகைப்பாடு இருக்கிறது. ஆனால் அதுவும் பெரும்பாலும் அந்த உயர்ந்த தகுதியின் துறையைத்தான் கேட்கும்.

தொழிற்கல்வி இந்த ஏணியில் எப்போதும் சங்கடமான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே தொழிற்பள்ளியிலும் படித்து மூன்று வருடப் பயிற்சியை முடித்தவர் இடைநிலைப் பிரிவில் நிற்கிறார். அதே ஜெர்மனியில் ‘மைஸ்டர்’ என்ற தலைமைக் கைவினைஞர் தகுதி இளங்கலைக்கு இணையாக 6ஆம் படியில் வைக்கப்பட்டிருக்கிறது. ‘உயர்கல்வி பெற்றவர்கள் சதவீதம்’ என்று நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில் ஜெர்மனி ஏன் எதிர்பார்த்த அளவு மேலே வருவதில்லை என்பதற்கு இந்தப் பயிற்சி முறையும் ஒரு காரணம். அங்கே பயிற்சி குறைவு என்று அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவுகட்டினால் தவறாகிவிடும்.

பிரிட்டன் செய்தது இன்னும் சுவாரசியமானது. அங்கே பழைய முறைத் தொழிற்பயிற்சியை முடித்தவர்களின் தகுதி, பிரிட்டனின் சொந்தத் தகுதி ஏணியில் இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா என்று தீர்மானிக்கக் கேள்வித்தாளில் போதிய விவரம் இல்லை. பிரிட்டனின் தொழிலாளர் புள்ளிவிவரத் தளம் வெளியிட்டு வந்த அட்டவணைகளில் அவர்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து ஒவ்வொரு நிலையிலும் சேர்த்துவிட்டார்கள். எந்த ஒரு மனிதரும் பாதி இரண்டாகவும் பாதி மூன்றாகவும் இருப்பதில்லை. மொத்தத்தில் கணக்கு ஏறக்குறைய சரியாக வரட்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது. அதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளியே தெரியாமல் ஏதோ ஒரு கட்டத்தில் தள்ளிவிடுவதை விட இது எவ்வளவோ நேர்மையானது.

இதுவரை பேசியதெல்லாம் பதில் சரியாக வந்தால் அதை எங்கே வைப்பது என்பது. பதிலே சரியாக வராவிட்டால்?

பெரும்பாலான தொழிலாளர் கணக்கெடுப்புகளில் வீட்டில் இருக்கும் ஒருவர் மற்றவர்களுக்காகவும் பதில் சொல்லலாம். பிரிட்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் இப்படி வேறொருவர் சொல்லி வந்தவை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பப் போவதென்றால் செலவு கட்டுப்படியாகாது, அதனால் இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாதது. போன வாரம் அக்கா வேலைக்குப் போனாரா என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அக்கா எந்தத் தாளில் தேறவில்லை என்பது தெரியுமா?

கூடப் பிறந்தவர் சொல்வதும் அவரவர் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை இரண்டு பொருளாதார அறிஞர்கள் அழகாகச் சோதித்தார்கள். ஓர்லி ஆஷென்ஃபெல்டரும் ஆலன் க்ரூகரும் 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் நடக்கும் இரட்டையர் திருவிழாவுக்குப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் தன் படிப்பு எத்தனை வருடம் என்றும், தன்னோடு பிறந்தவரின் படிப்பு எத்தனை வருடம் என்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே நாளில் பிறந்து ஒன்றாக வளர்ந்தவர்கள்கூட ஒரே மாதிரி சொல்லவில்லை. 1994இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, மக்களின் படிப்பு அளவில் தெரியும் வேறுபாட்டில் 8 முதல் 12 சதவீதம் வரை வெறும் அளவீட்டுப் பிழை.

பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் உண்மையான பட்டதாரிகள் 200, மற்றவர்கள் 800. இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதாவது 5 சதவீதம் பேர் தவறாகப் பதிவாகிறார்கள் என்போம். பட்டதாரிகளில் 10 பேர் ‘பட்டதாரி இல்லை’ என்று போய்விடுகிறார்கள். மற்றவர்களில் 40 பேர் ‘பட்டதாரி’ என்று வந்துவிடுகிறார்கள். இப்போது பட்டதாரிக் கட்டத்தில் 190ம் 40ம் சேர்ந்து 230 பேர். தவறு இரண்டு பக்கமும் சமம்தானே, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. பெரிய கூட்டத்திலிருந்து வழியும் தவறு சின்னக் கூட்டத்தை வீங்க வைத்துவிடுகிறது. அந்த 230 பேரில் ஆறில் ஒருவருக்கும் மேல் உண்மையில் பட்டதாரி இல்லை.

இன்னும் சின்னக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 10 பேர்தான் முனைவர்கள். மீதி 990 பேரில் வெறும் ஒரு சதவீதம் பேர் தவறாக அந்தக் கட்டத்தில் விழுந்தாலே ஏறக்குறைய 10 பேர். இப்போது கட்டத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் முனைவர்கள் கிடையாது. ‘முனைவர்களின் வேலையின்மை விகிதம்’ என்று இந்த 20 பேரை வைத்து ஒரு எண் போட்டால், அது யாருடைய நிலைமையைச் சொல்கிறது? பாதி முனைவர்களுடையது, பாதி தவறாகக் கட்டம் மாறி வந்தவர்களுடையது. இரண்டு கூட்டத்துக்கும் இடையே உண்மையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும், இந்தக் கலப்பு அதைச் சின்னதாக்கிக் காட்டும். படிப்பினால் சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கும் இப்படித்தான் பழுதாகிறது. புள்ளிவிவரம் பழகத் தொடங்குகிறவர்கள் இந்தச் சின்னக் கணக்கைத் தாங்களே ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். எண்களை மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

தவறு என்றால் பொய் என்று பொருள் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் கேள்வியின் சொற்கள்தான் காரணம். அமெரிக்காவில் ‘தொழில்முறைப் பட்டம்’ என்று ஒரு தெரிவு உண்டு. மருத்துவம், சட்டம் போன்ற, இளங்கலைக்கு மேலான பட்டங்களை நினைத்து வைக்கப்பட்டது அது. ஆனால் ஏதோ ஒரு தொழிலுக்கான சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் அந்தச் சொல் தன்னைக் குறிப்பதாகத் தோன்றும். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த பதில்களை, அதே ஆட்களிடம் பின்னர் இன்னும் விரிவாகக் கேட்ட கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், இந்தக் கட்டத்தில் தவறு மிக அதிகம் என்று கண்டார்கள். இப்போது அங்கே கேள்வித்தாளில் ‘இளங்கலைக்கு மேற்பட்ட தொழில்முறைப் பட்டம்’ என்று எழுதி, பக்கத்திலேயே உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்கும் முறையிலும் நிறைய இருக்கிறது. ‘உயர்ந்த தகுதி எது?’ என்று ஒரே கேள்வியில் கேட்டால் பதில் சொல்பவர் தன் மனதுக்குள்ளேயே ஒரு ஏணியைக் கட்டி, எது மேலே என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக எல்லாத் தகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, உயர்ந்தது எது என்பதை அலுவலகத்தில் விதிப்படி கணக்கிடலாம். நேரம் அதிகம் ஆகும், பதில் சொல்பவர் சலித்துப்போவார். ஆனாலும் “அப்புறம் வேறு ஏதாவது படிச்சிருக்காரா?” என்ற ஒரு தொடர் கேள்வி, மறந்துபோன மாலைநேரப் படிப்பையோ வேலையிடத்தில் வாங்கிய சான்றிதழையோ வெளியே கொண்டுவந்துவிடும். நல்ல கணக்கெடுப்பாளரின் திறமை பாதி இந்தக் கேள்வியைச் சலிப்பில்லாமல் கேட்பதில்தான் இருக்கிறது. தம்பி “அக்கா பி.எஸ்சி.” என்றதும், “முடிச்சுட்டாங்களா? டிகிரி வாங்கிட்டாங்களா?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

இனி அப்பா. பள்ளிக்கூடமே போகாத எலெக்ட்ரிஷியன். ஏணியில் அவர் அடிமட்டத்தில் நிற்கிறார், 0. இஸ்கெட் கணக்கில் அதற்கு மேல் சொல்ல இடமில்லை, ஏனென்றால் அது முறையான கல்வியையும் அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளையும் மட்டுமே அளக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பு இங்கே செய்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுவேன். கல்வி நிலைக்கான குறியீடுகளிலேயே, பள்ளிக்குப் போகாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் எழுத்தறிவு இல்லாதவருக்கும் வேறு வேறு இடம் உண்டு. ஏதாவது ஒரு மொழியில் ஒரு எளிய செய்தியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். அது போக, தொழிற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. முறையான பயிற்சியா, பரம்பரையாகக் கற்றதா, தானாகக் கற்றதா, வேலை செய்துகொண்டே கற்றதா என்று அதில் பிரித்துக் கேட்கிறார்கள். அப்பாவின் தொழில் ‘பரம்பரை’ என்ற பதிலுக்குள் வந்துவிடும். கல்வி நிலை என்ற ஒற்றைப் பத்தியை மட்டும் பார்த்து ‘தகுதியில்லாத தொழிலாளர்கள் இத்தனை பேர்’ என்று எழுதுகிறவர்கள் பக்கத்துப் பத்தியையும் பார்க்க வேண்டும். முப்பது வருடம் மின்கம்பியோடு வாழ்ந்த மனிதரைத் தகுதியில்லாதவர் என்று எழுத எனக்குக் கை வராது.

மாமாவின் சிக்கல் வேறு மாதிரியானது. அவருடைய பட்டத்தின் பெயர் இங்கே யாருக்கும் பழக்கமில்லை. கணக்கெடுப்பாளரின் கையில் இருக்கும் பட்டியலில் உள்நாட்டுத் தகுதிகள்தான் இருக்கின்றன. எந்தக் கட்டத்திலும் பொருந்தாதபோது கை போகும் இடம் ‘மற்றவை’. பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்தது. வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களின் தகுதிகள் ‘இதர தகுதிகள்’ என்ற கட்டத்தில் குவிந்தன. அதில் பல்கலைக்கழகப் பட்டமும் இருக்கும், குறுகிய காலப் பயிற்சியும் இருக்கும். உள்நாட்டு அளவில் அந்தக் கட்டம் தாழ்ந்த தகுதியாகவே எண்ணப்பட்டதால், குடியேறியவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகப் படித்தவர்களாகத் தெரிந்தார்கள். இதைக் கவனித்த ஆய்வாளர்கள் தகுதியை ஒதுக்கிவிட்டு, முழுநேரப் படிப்பை எந்த வயதில் விட்டார்கள் என்ற இன்னொரு கேள்வியின் பதிலைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதிலும் ஓட்டை உண்டு. தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவரும், வகுப்பில் தங்கிப் படித்தவரும், வேலைக்குப் போய்த் திரும்பி வந்து படித்தவரும் கூடுதலாகப் படித்தவர்களாகத் தெரிவார்கள். இருந்தாலும் எல்லாவற்றையும் விழுங்கும் ‘இதர’ கட்டத்தை விட அது மேல்.

காலப்போக்கில் ஒப்பிடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அளவுகோல் நடுவில் மாறியிருக்கிறதா என்பது. 1997 இஸ்கெட்டில் இளங்கலையும் முதுகலையும் ஒரே 5ஆம் நிலைக்குள் இருந்தன, முனைவர் பட்டம் 6. 2011 வடிவத்தில் இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. பழைய அட்டவணையின் 6ஐயும் புதியதின் 6ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முனைவர்கள் பல மடங்கு பெருகிவிட்டதாகத் தோன்றும். இன்னொன்று வயது. 20 வயதில் இருப்பவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார், அவருடைய இன்றைய தகுதி இறுதியானதில்லை. அதனால்தான் பெரியவர்களின் கல்வித் தகுதியைப் பேசும்போது பெரும்பாலும் 25 முதல் 64 வயது வரை எடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் சராசரித் தகுதி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஏறுவதற்கு, யாரும் புதிதாகப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குறைவாகப் படிக்க வாய்ப்புக் கிடைத்த தலைமுறை 65ஐத் தாண்டி வெளியே போகிறது, அதிகம் படித்த தலைமுறை 25ஐத் தொட்டு உள்ளே வருகிறது. அவ்வளவுதான். பெரியவர்களுக்கான கல்வித் திட்டம் வெற்றியடைந்ததா என்று பார்க்க விரும்பினால், அதே தலைமுறையைப் பத்து வருடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

தகுதி வேறு, திறன் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் கணக்கெடுப்பு சான்றிதழைத்தான் கேட்கிறது. ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்துப் பார்ப்பது வேறு வகைக் கணக்கெடுப்பு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பெரியவர்களின் திறன் கணக்கெடுப்பு என்ற பெயரில் அதை நடத்துகிறது. 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களிடம் வாசிப்பையும் எண்ணறிவையும் நேரடியாகச் சோதிக்கிறார்கள். 2013இல் வந்த முதல் முடிவுகளில், ஜப்பானிலும் நெதர்லாந்திலும் பள்ளிப் படிப்பை மட்டும் முடித்த 25 முதல் 34 வயதுக்காரர்கள், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அதே வயதுக்காரர்களை வாசிப்புத் திறனில் மிஞ்சினார்கள். ஒரே படியில் நிற்பவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

கடைசியாக, இந்தத் தகுதி எண் வேறொரு எண்ணோடு சேரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ‘தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்கள்’ என்று ஒரு கணக்கு அடிக்கடி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் அதைப் போடும் விதம் எளிமையானது: உயர்கல்வி முடித்து, அதாவது 5 முதல் 8ஆம் படியில் இருந்து, அலுவலக உதவி, விற்பனை, விவசாயம், கைத்தொழில், இயந்திர இயக்கம், எளிய உடலுழைப்பு ஆகிய தொழில் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள், உயர்கல்வி முடித்து வேலையில் இருக்கும் மொத்தப் பேரில் எத்தனை சதவீதம்.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். அக்கா ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பி சொன்னபடி பட்டதாரி என்று பதிவானால், அவர் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவராகிவிடுவார். பட்டம் இருந்தும் உரிய வேலை கிடைக்காதவர்களில் ஒருவராக அவர் எண்ணப்படுவார். மாமா இன்ஜினியராக வேலை தேடிக் கிடைக்காமல் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறார், அவருடைய பட்டம் உண்மையிலேயே நான்கு வருடப் பட்டம். ஆனால் அது ‘இதர தகுதிகள்’ கட்டத்தில் விழுந்ததால், உயர்கல்வி முடித்தவர்களின் வரிசையில் அவர் இல்லவே இல்லை. ஒரே வீட்டில், பொருத்தமான வேலையில் இருப்பவர் பொருந்தாதவராகவும், உண்மையாகவே பொருந்தாத வேலையில் சிக்கியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாதவராகவும் ஆகிவிடுகிறார்கள். வீட்டின் மொத்தக் கணக்கில் ‘தகுதிக்குக் குறைந்த வேலையில் ஒருவர்’ என்று வரும். அந்த எண் சரிதான். ஆள்தான் வேறு.